எட்டு மணிக்கு ஏறிய பேட்ச்

எனக்குக் கோபம் மூக்கின் மேலேயே உட்கார்ந்திருக்கும். பதினோரு வருஷம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவளுக்கு அது இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம். படியில் தொங்குகிறவனை உள்ளே வரச் சொல்லவும் சத்தம் வேண்டும், இறங்க வேண்டிய இடத்தில் தூங்குகிறவனை எழுப்பவும் சத்தம் வேண்டும். சத்தம் போடப் போடக் கோபமும் கூடவே பழகிவிட்டது.

ஒருநாள் ஓடும் பஸ்ஸில் ஒரு பெரியவர் மயங்கி விழுந்தார். பயணிகளில் ஒரு நர்ஸ் இருந்தாள். அவள் அவரைப் படுக்க வைத்து, காலைத் தூக்கி, நாடி பார்த்து எல்லாம் செய்தாள். நான் விசிலைக் கையில் வைத்துக்கொண்டு மரம் மாதிரி நின்றேன். எனக்குச் சும்மா நிற்பது பிடிக்காது. அடுத்த வருஷம், முப்பத்தெட்டு வயதில், நர்சிங் படிக்கப் போய்ச் சேர்ந்தேன். வகுப்பில் இருந்த பெண்கள் எல்லாம் என் மகனைவிட மூன்று நான்கு வயதுதான் பெரியவர்கள். முதல் நாளே எனக்குக் ‘கண்டக்டர் அக்கா’ என்று பேர் வைத்துவிட்டார்கள். நானும் வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

மூன்று வருஷத்தில் எல்லாவற்றிலும் தேறிவிட்டேன், ஒன்றைத் தவிர. நோயாளிக்கு மருந்து கொடுக்கும் செய்முறைத் தேர்வு. வார்டில், நிஜமான நோயாளிக்கு, தேர்வாளர் பக்கத்தில் நிற்க, பதினைந்து நிமிடத்தில் கொடுத்து முடிக்க வேண்டும். மூன்று தடவைதான் எழுதலாம். மூன்றாவதும் போனால் பட்டியலிலிருந்து பேரை அடித்துவிடுவார்கள். அவ்வளவுதான், மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

முதல் தடவை அவசரத்தில் கோட்டை விட்டேன். ஒரு வாரமாக தினமும் பார்த்துப் பேசிய பாட்டிதானே என்று, பேரும் கேட்காமல், மணிக்கட்டில் பேர் எழுதிக் கட்டியிருக்கும் கைப்பட்டையும் பார்க்காமல் மாத்திரையை நீட்டிவிட்டேன். “உறவு கொண்டாடினீங்க, ஆளைச் சரிபார்க்கலை” என்று தேர்வாளர் பூஜ்யம் போட்டார். இரண்டாவது தடவை அந்தப் பயத்திலேயே எல்லாவற்றையும் நாலு தடவை பார்த்தேன். பத்தொன்பது நிமிடம் ஆகிவிட்டது. அதற்கும் பூஜ்யம்.

இரண்டு தடவையும் அதே தேர்வாளர்தான். என்னைவிட ஆறேழு வயது சின்னவர். சிரித்து யாரும் பார்த்ததில்லை. கழுத்தில் ஸ்டாப்வாட்ச் தொங்கும், அதனால் ஸ்டாப்வாட்ச் மேடம். மூன்றாவது தடவைக்கும் அவர்தான் வருகிறார் என்று தெரிந்ததும் வீட்டுப் பயிற்சியை இரண்டு மடங்காக்கினேன்.

வீட்டில் நான் பயிற்சி எடுப்பது என் வீட்டுக்காரரிடம். பஸ் டிப்போவில் மெக்கானிக். மூன்று வருஷமாகச் சமையலும் அவர்தான், மகனின் பள்ளிக்கூடத்துக்குப் போய் வருவதும் அவர்தான். பாவம், அவருக்குச் சாயங்காலம் ஒரு டம்ளர் காபி கொடுப்பது மட்டும் என் வேலை. அதிலும் நான் சும்மா விடுவதில்லை.

“உங்க பேரைச் சொல்லுங்க. பிறந்த தேதியைச் சொல்லுங்க.”

“அடியே, நான் உன் புருஷன்.”

“அதெல்லாம் கைப்பட்டையில எழுதலை. பேரு? தேதி?”

“சர்ட்டிபிகேட்ல இருக்கற தேதியா, நெஜமான தேதியா?”

“தேதி சரியாச் சொல்லாத ஆளுக்கு ஒண்ணும் கிடையாது!” என்று டம்ளரைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விடுவேன். மகன் உள்ளேயிருந்து, “அம்மா, அப்பாவுக்கு காபி கொடுத்த நேரத்தை எழுதினியா?” என்று கேட்டுச் சிரிப்பான். தேர்வுக்கு முந்தின நாள் மட்டும் யாரும் சிரிக்கவில்லை. நான் கேட்டதும் வீட்டுக்காரர் தேதியை ஒழுங்காகச் சொல்லிவிட்டுக் காபியை வாங்கிக்கொண்டார்.

மறுநாள் காலை ஒன்பது மணி. எட்டுக் கட்டில் உள்ள ஆண்கள் வார்டு. எனக்குக் கிடைத்தது ஐந்தாம் கட்டில். வயதான டெய்லர் ஒருவர், நெஞ்சுவலியோடு வந்து சேர்ந்தவர். அவருக்குத் தோலில் ஒட்டும் இதய மருந்து எழுதியிருந்தது. பேட்ச் என்போம். பார்த்தால் சாதாரண பிளாஸ்திரி மாதிரிதான் இருக்கும். உள்ளே இருக்கிற மருந்து தோல் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தில் கலந்து, ரத்தக்குழாய்களை விரித்துக் கொடுக்கும். காலையில் ஒட்ட வேண்டும், இரவில் எடுத்துவிட வேண்டும். மறுநாள் காலை வேறு இடத்தில் புதிதாக ஒன்று.

எனக்கு முன்னால் தேர்வு எழுதிய பெண் காதோடு சொல்லிவிட்டுப் போனாள். “அக்கா, உங்களுக்கு அதிர்ஷ்டம். ஊசி இல்ல, கணக்கு இல்ல. ஒட்டிட்டு வந்துடுங்க.”

மேடம் ஸ்டாப்வாட்சை அமுக்கினார். “ஆரம்பிங்க.”

கையைக் கழுவினேன். மருந்துச் சீட்டையும் பேட்ச் உறையையும் சேர்த்து வைத்துப் பார்த்தேன். மருந்து சரி, அளவு சரி, ஒட்டும் வழி சரி, நேரமும் சரி, இன்று தேர்வுக்காக ஒன்பது மணி என்று போட்டிருந்தது. திரையை இழுத்துவிட்டுக் கட்டிலருகே போனேன்.

“ஐயா, உங்க பேரும் பிறந்த தேதியும் சொல்லுங்க.”

டெய்லர் இரண்டையும் கணீரென்று சொன்னார். கைப்பட்டையோடு ஒத்துப்போனது. என் வீட்டுக்காரர் இவரிடம் வந்து பாடம் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். ரத்த அழுத்தம் பார்த்தேன், நன்றாகவே இருந்தது. கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் அவர் மனைவி நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகமெல்லாம் சிவந்து போயிருந்தது.

“அம்மாடி, உனக்குப் புண்ணியமா போகும், ஒரு தலைவலி மாத்திரை குடேன். மண்டையே பிளக்குது.”

“உங்க பேரு இந்தச் சீட்டுல இல்லையேம்மா. இதை முடிச்சிட்டு சிஸ்டர்கிட்ட சொல்றேன்” என்றேன்.

“என் மூஞ்சியைப் பாத்தா அவளுக்குத் தலைவலி வரும். நாப்பது வருஷமா அப்படித்தான்” என்றார் டெய்லர்.

“வாயைக் குறைங்க. நெஞ்சுவலிக்காரருக்கு இந்த வாய் ஆகாது” என்றார் அந்த அம்மா.

மேடம் சிரிக்கவில்லை. ஆறு நிமிடம் ஆகியிருந்தது. புதுசு ஒட்டுவதற்கு முன்னால் பழைய பேட்ச் உடம்பில் இல்லை என்று பார்க்க வேண்டும். சீட்டைத் திருப்பினேன். ‘நேற்றுக் காலை எட்டு மணி, இடது மார்பு’ என்று கையெழுத்து இருந்தது. அதற்குப் பக்கத்தில் ‘இரவு எடுக்கப்பட்டது’ என்ற கட்டம். அது காலி.

சரி, எழுத மறந்திருப்பார்கள். அல்லது எடுக்கவே மறந்திருப்பார்கள். சட்டையை விலக்கி இடது மார்பைப் பார்த்தேன். இல்லை. நாலு மூலையிலும் பசை ஒட்டியிருந்த தடம் மட்டும் இருந்தது.

“ஐயா, நேத்து இங்க ஒட்டினதை யாரு எடுத்தாங்க?”

“தெரியலையேம்மா. ராத்திரி ஒரு பொண்ணு வந்து தேடிப் பாத்துச்சு. நான் அரைத் தூக்கம். இல்லைன்னு போயிடுச்சு.”

எனக்குச் சுருக்கென்றது. இல்லையென்றால் எங்கே? பஸ்ஸில் ஏறிய ஆள் நடுவழியில் ஆவியாகப் போய்விடுவானா? பதினோரு வருஷத்தில் என் பஸ்ஸில் தலைக்கணக்கு ஒருநாள்கூடத் தவறியதில்லை. முப்பத்திரண்டு பேர் ஏறினால் முப்பத்திரண்டு பேர் இறங்க வேண்டும். ஒரு ஆள் குறைந்தால் சீட்டுக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்திருக்கிறேன். ஒருதடவை நிஜமாகவே ஒரு குழந்தை அங்கே தூங்கிக்கொண்டிருந்தது.

இந்தப் பேட்ச் நேற்று எட்டு மணிக்கு ஏறியிருக்கிறது. இறங்கியதற்குச் சாட்சி இல்லை. முதுகில் நழுவிப் போயிருந்தால், அதன் மேல் நான் இன்னொன்று ஒட்டினால், இரண்டு மருந்தும் சேர்ந்து இந்த மனுஷரின் ரத்த அழுத்தத்தைப் பாதாளத்துக்குக் கொண்டுபோய்விடும்.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினேன். முதுகு, அக்குள், வயிறு, தொடை. இல்லை. போர்வையை உதறினேன். தலையணையைப் புரட்டினேன். குப்பைக் கூடையை எட்டிப் பார்த்தேன், காலையிலேயே காலி செய்துவிட்டார்கள். டெய்லர் பொறுமையாகப் புரண்டு புரண்டு கொடுத்தார். “அளவெடுக்கற மாதிரி இருக்கு” என்றார்.

“ஒன்பது நிமிஷம்” என்றார் மேடம்.

உண்மையைச் சொல்கிறேன், அந்த நொடியில் என் மனசு தடுமாறியது. உடம்பில் இல்லை என்று பார்த்தாயிற்று. புதுசை ஒட்டிக் கையெழுத்துப் போட்டால் இரண்டு நிமிட வேலை. மூன்று வருஷம், வீட்டுக்காரர் கிண்டிய சோறு, மகன் ஊரெல்லாம் ‘எங்கம்மா நர்ஸ்’ என்று சொல்லிக்கொண்டு திரிவது, எல்லாம் கண் முன்னால் வந்தது. உறையைக் கையில் எடுத்தும் விட்டேன். ஆனால் அந்தக் காலிக் கட்டம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

‘சனியனே, எங்கேதான் இறங்கித் தொலைஞ்சே?’ என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே உறையைத் தட்டில் வைத்தேன். கேட்க வேண்டிய கேள்வி ஒன்று பாக்கி இருந்தது.

“ஐயா, இந்த மருந்து ஒட்டினா சிலபேருக்குத் தலை வலிக்கும். உங்களுக்கு இருந்துச்சா?”

“ஐயோ, நேத்து பூரா சம்மட்டியால அடிச்ச மாதிரி இருந்துச்சும்மா. சாயங்காலம்தான் விட்டுச்சு. என்னை விட்டுட்டு இவளைப் பிடிச்சுக்கிச்சு.”

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்கு அது விளையாட்டாகப் படவில்லை.

வகுப்பில் இந்த மருந்தை நான் ரோடு மாதிரித்தான் மனப்பாடம் செய்திருந்தேன். குறுகலான ரோட்டை அகலமாக்கினால் இதயத்துக்கு நெரிசல் குறையும். ஆனால் மருந்துக்கு இதயத்து ரோடு எது, மண்டைக்குப் போகிற ரோடு எது என்று தெரியாது. எல்லாவற்றையும் அகலமாக்கிவிடும். அதனால் தலை இடிக்கும், முகம் சிவக்கும், எழுந்தால் கிறுகிறுக்கும். தலைவலி தானாக ஆள் மாறி ஏறாது. மருந்து ஆள் மாறினால்தான் ஏறும்.

ஸ்டூல் பக்கம் திரும்பினேன். “அம்மா, உங்களுக்கு இந்தத் தலைவலி எப்ப ஆரம்பிச்சுது?”

“நேத்து ராத்திரி.”

“நேத்து சாயங்காலம் ஐயாவுக்கு உடம்பு துடைச்சு விட்டீங்களா?”

“ஆமா.” அந்த அம்மாவின் கை மெல்ல இடது தோளுக்குப் போயிற்று. நான் அதையே பார்த்தேன். அவர் நான் பார்ப்பதைப் பார்த்தார்.

“அது… ஓரம் பிரிஞ்சு தொங்கிட்டிருந்துச்சும்மா. ஈரத்துணி பட்டதும் கையோட வந்துடுச்சு. பாத்தா பசை அப்படியே புதுசா இருக்கு. தூக்கிப் போட மனசு வரலை. எனக்குத் தோள்பட்டை வலி வேற. வலி பிளாஸ்திரிதானேன்னு ஒட்டிக்கிட்டேன். நீ தேடறப்ப சொல்ல வெக்கமா போச்சு…”

“அடிப்பாவி!” என்றார் டெய்லர். “துண்டுத் துணியைத்தான் சேத்து வைப்பேன்னு பாத்தா, என் மருந்தையும் எடுத்து ஒட்டுப் போட்டுக்கிட்டியா?”

“சும்மா இருங்க. வலி கொஞ்சம் குறைஞ்ச மாதிரிதான் இருந்துச்சு” என்று சொல்லிக்கொண்டே அந்த அம்மா வெட்கத்தோடு எழுந்தார். எழுந்தவர் அப்படியே ஒரு பக்கம் சாய்ந்தார்.

பதினோரு வருஷம் குலுங்கும் பஸ்ஸில் விழுகிறவர்களைப் பிடித்த கை இது. தரையைத் தொடுவதற்குள் பிடித்துவிட்டேன்.

“பன்னிரண்டு நிமிஷம்” என்றார் மேடம். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. “உங்க நோயாளி கட்டில்ல இருக்கார். இவங்களை சிஸ்டர் பாத்துப்பாங்க. நீங்க விட்டுட்டு வரலாம்.”

இன்னும் மூன்று நிமிடம் இருந்தது. பழைய பேட்ச் கிடைத்துவிட்டது. டெய்லருக்குப் புதுசை ஒட்டினால் முடிந்தது தேர்வு. ஆனால் வார்டு சிஸ்டர் அந்தக் கோடியில் எட்டாம் கட்டிலுக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தார். என் தோளில் ஒரு அம்மா துவண்டு கிடந்தார். எனக்கு வந்ததே ஒரு கோபம்!

“மேடம், நீங்க பூஜ்யம் போடறதுன்னா தாராளமா போடுங்க. விழுந்தவங்களைப் பாத்துக்கிட்டு ஒரு தடவை சும்மா நின்னாச்சு. இன்னொரு தடவை நிக்க மாட்டேன். அந்தக் காலைக் கொஞ்சம் பிடிங்க!”

சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னேன் என்று உறைத்தது. ஆனால் மேடம் வந்து காலைப் பிடித்தார். இரண்டு பேருமாகச் சேர்ந்து அந்த அம்மாவைப் பக்கத்துக் காலிக் கட்டிலில் படுக்க வைத்தோம். தலையணையைக் காலுக்கு வைத்தேன். கையுறை போட்டுக்கொண்டு தோளிலிருந்த பேட்சை உரித்தேன். அதன் மேல் நேற்றைய தேதியும் ஒட்டியவரின் கையெழுத்தும் அழகாக இருந்தன. பசை உள்பக்கமாக மடித்துத் தனியாக வைத்தேன். ஒட்டியிருந்த இடத்தைத் துடைத்தேன். ரத்த அழுத்தம் தொண்ணூறுக்கு அறுபது. “சிஸ்டர்!” என்று நான் போட்ட சத்தத்தில் வார்டில் தூங்கிக்கொண்டிருந்த மூன்று பேர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

சிஸ்டர் ஓடிவந்தார். டாக்டருக்குப் போன் போனது. அந்த நேரம் பார்த்து மேடத்தின் கழுத்தில் ஸ்டாப்வாட்ச் கீகீ என்று கத்தியது. பதினைந்து நிமிடம்.

முடிந்தது. என் மூன்று வருஷமும் அந்தச் சத்தத்தோடு போயிற்று. அழுகை வந்தால் பிறகு வரட்டும், முதலில் வேலையை முடிக்கலாம் என்று நின்றேன். டெய்லருக்குப் புதுசு ஒட்டலாம் என்று டாக்டர் சொன்னார். மறுபடி கையைக் கழுவினேன். மறுபடி பேரையும் தேதியையும் கேட்டேன். “அதான் சொன்னேனேம்மா” என்று சிரித்துக்கொண்டே அவர் மறுபடி சொன்னார். பேட்சில் இன்றைய தேதியை எழுதி, வலது மார்பில் ஒட்டி, ஓரமெல்லாம் அழுத்தி விட்டேன். “ஐயா, இது அம்மாவுக்கு இல்ல, உங்களுக்கு” என்றேன்.

சீட்டில் மருந்து கொடுத்த நேரம் என்று ஒரு கட்டம். பேனா அங்கே போய் ஒரு கணம் நின்றது. ஒன்பது பதினான்கு என்று எழுதினால் யாருக்கும் தெரியாது என்று சொல்ல முடியாது, மேடம் தலைக்கு மேலேயே நிற்கிறார். ஆனால் அவர் நிற்காவிட்டாலும் உண்மையான நேரத்தைத்தான் எழுதியிருப்பேன். ஒன்பது இருபத்தொன்று என்று எழுதினேன். நடந்ததை எழுதும் தாளைக் கேட்டு வாங்கி, இரவுக் கட்டம் காலி, பேட்ச் காணோம் என்று யாரிடமும் சொல்லப்படவில்லை, கிடைத்த இடம் மனைவியின் இடது தோள் என்று ஒன்றுவிடாமல் எழுதினேன்.

மேடம் தாளை வாங்கிப் படித்தார். “இன்னொரு வரி சேத்துக்குங்க” என்றார். “தேர்வுக்காக இந்தக் கட்டிலைக் காலையில பொறுக்கி எடுத்தது நான்தான். சீட்டைப் பாத்துட்டு, சுலபமான கேஸ்னு எடுத்தேன். அந்தக் காலிக் கட்டம் எனக்குக் கண்ணுல படலை. அதையும் எழுதுங்க, நான் கையெழுத்துப் போடறேன்.”

எழுதினேன். போட்டார். பிறகு மதிப்பெண் தாளை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனார். பக்கத்துக் கட்டிலில் முகத்தில் களை வந்த டெய்லரின் மனைவி, “அப்ப என் தோள்பட்டைக்கு என்ன வழி?” என்று சிஸ்டரிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

மேடம் திரும்பி வந்தார்.

“விதி என்ன சொல்லுது? ஒரு நோயாளிக்குப் பதினைஞ்சு நிமிஷம்.”

“தெரியும் மேடம்.”

“நீங்க எத்தனை நோயாளியைப் பாத்தீங்க?”

“ஒருத்தரைத்தான், மேடம்.”

“ரெண்டு பேர். ரெண்டு பதினைஞ்சு முப்பது. நீங்க எடுத்துக்கிட்டது இருபத்தொண்ணு. ஒன்பது நிமிஷம் மிச்சம் வெச்சிருக்கீங்க” என்று சொல்லித் தாளை என் கையில் கொடுத்தார். “பாஸ். ஆனா தேர்வாளரைக் காலைப் பிடிக்கச் சொன்னது இதுவரைக்கும் நீங்க ஒருத்தர்தான்.” அப்போதுதான் பார்த்தேன், அவருக்குச் சிரிக்கத் தெரியும்.

வீட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தேன் என்றே தெரியவில்லை. கதவைத் திறந்தால் வீட்டுக்காரர் எதிரே நிற்கிறார். டிப்போவில் லீவு சொல்லியிருக்கிறார். முதுகுக்குப் பின்னால் ஏதோ வைத்திருந்தார், காபி மணம் வந்தது. முகத்தைப் பார்த்தால் காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர்கூடக் குடித்திருக்க மாட்டார் போலிருந்தது. இருந்தாலும் விறைப்பாகக் கேட்டார்.

“உங்க பேரைச் சொல்லுங்க. பிறந்த தேதியைச் சொல்லுங்க.”

பேரைச் சொல்லிவிட்டேன். தேதியைச் சொல்ல வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. காலையில் ஒத்திப்போட்ட அழுகை மொத்தமும் வந்தது. அவர் முகத்தில் ஈயாடவில்லை.

“போனாப் போகுது விடும்மா. அந்தத் தேர்வு என்ன பெரிய தேர்வு…”

“பாஸுங்க!”

“என்னது?”

“பாஸாயிட்டேன்!”

உள்ளேயிருந்து மகன் கத்திக்கொண்டே ஓடிவந்தான். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் டம்ளருக்குக் கையை நீட்டினேன். சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டார்.

“தேதி இன்னும் சொல்லலையே. தேதி சரியாச் சொல்லாத ஆளுக்கு ஒண்ணும் கிடையாது.”